ஆங்கிள் காக் சுவத்தோட உடைஞ்சிருச்சு, டேங்க் கேட் வால்வும் சும்மா சுத்துது – காலைல பிளம்பர் வர்ற வரைக்கும் எப்படிச் சமாளிக்கிறது?

பழைய_வண்ணை_மாடிவீடு | இரவு 9:52

இடம் பழைய வண்ணாரப்பேட்டை. கீழ்வீடு, மேல ரெண்டு மாடி, மொத்தம் ஆறு போர்ஷன். மொட்டை மாடியில 1000 லிட்டர் சின்டெக்ஸ் ஒண்ணுதான், ஆறு வீட்டுக்கும் அதுலேர்ந்துதான் இறங்குது. இறங்குற லைன் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு பைப்), 1 இன்ச். பாத்ரூமுக்குள்ள மட்டும் டைல்ஸ் ஒட்டினப்போ அரை இன்ச் சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பா மாத்தியிருக்காங்க.

முதல் மாடி டாய்லெட்ல ஃப்ளஷ் டேங்குக்குப் போற ஆங்கிள் காக் (சுவத்துல இருக்கற சின்ன அடைப்பு வால்வு) கழுத்தோட முறிஞ்சிருச்சு. அதோட மரைத் துண்டு (திருகு வரி உள்ள பாகம்) சுவத்துக்குள்ளயே நிக்குது. துணி வெச்சு அமுக்கிப் பிடிச்சா சுத்திச் சுத்திப் பீச்சுது. மேல போய் டேங்க் கேட் வால்வைத் திருகினா, வீல் சுத்திக்கிட்டே இருக்கு, தண்ணி நிக்கல. பிளம்பர் காலைல 7 மணிக்குத்தான் வருவாராம். டேங்க்ல முக்கால் இருக்கு. நாளைக்கு எங்க தெருவுக்கு மெட்ரோ தண்ணி (குடிநீர் வாரியம் விடற தண்ணி) முறை கிடையாது, போர் தண்ணி உப்பு, வாயில வைக்க முடியாது. அதனால டேங்கை மொத்தமா திறந்து விட்டுடவும் முடியாது.

கீழ்வீட்டு ஹால் சீலிங்ல ஈரம் இறங்கி டியூப் லைட் பக்கத்துல சொட்டுது. எதை முதல்ல செய்யணும்? அரை இன்ச் டம்மி (பைப் வாயை அடைக்கற மரை மூடி) ஒண்ணு கையில இருக்கு, ஆனா உடைஞ்ச மரை உள்ள இருக்கறதால ஏற மாட்டேங்குது.

---

ராயபுரம்_மணிக்கூண்டு | இரவு 9:58

துணியை ஒருத்தர் பிடிச்சுக்கட்டும். இன்னொருத்தர் இப்பவே கீழ்வீட்டுக்குப் போகணும். அந்த டியூப் லைட் ஸ்விட்சைத் தொடாதீங்க. ஸ்விட்ச் போர்டு ஈரமான சுவத்துலேயே இருக்கும். நேரா மெயினை ஆஃப் பண்ணுங்க. கை காஞ்சிருக்கணும், கால்ல ரப்பர் செருப்பு இருக்கணும், நிக்கிற தரை காஞ்சிருக்கணும். இன்வெர்ட்டர் இருந்தா அதையும் தனியா ஆஃப் பண்ணணும். இதைத்தான் முக்காவாசிப் பேர் மறந்துடறாங்க. ஈபி மெயினை இறக்கிட்டா கரண்ட் போச்சுன்னு நினைப்பாங்க. ஆனா லைட், ஃபேன் லைன் பெரும்பாலும் இன்வெர்ட்டர்லதான் இருக்கும், மெயின் இறங்கின அடுத்த நொடி அது தானா ஓட ஆரம்பிச்சுடும்.

மெயின் போர்டே மாடிப்படிக்கு அடியில நனைஞ்சு கிடந்தா கிட்டப் போக வேணாம். ஈபி புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு அடிச்சு, போர்டுல தண்ணி இறங்குதுன்னு சொல்லுங்க.

மேல இருக்கற வீடுகள்ல கீசர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணச் சொல்லுங்க. லைன்ல தண்ணி நின்னா கீசர் தண்ணி பின்னால இறங்கிட வாய்ப்பு இருக்கு. காயில் காத்துல நின்னு சூடாச்சுன்னா எரிஞ்சு போயிடும். மோட்டார் ஆட்டோமேட்டிக்ல இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க. டேங்க் இறங்க இறங்க அது தானா ஓடி போர் தண்ணியை ஏத்தி, இருக்கற நல்ல தண்ணியையும் உப்பாக்கிடும்.

இப்ப ஓட்டையைப் பார்ப்போம். டம்மி ஏறாது சார், முயற்சியே பண்ண வேணாம். உள்ள நிக்கற மரைத் துண்டை நடு ராத்திரில எடுக்கவும் பார்க்காதீங்க. ஸ்க்ரூ டிரைவர் வெச்சு நெம்பினா உள்ள இருக்கற எல்போ (பைப் வளைவு இணைப்பு) வெடிக்கும், அப்புறம் டைல்ஸை உடைச்சாத்தான் வேலை ஆகும்.

மர ஆப்புதான் சரி. பழைய துடைப்பக் கட்டை, இல்லைன்னா சப்பாத்திக் கட்டை மாதிரி காஞ்ச மரம் எதுனாலும் சரி. ஒரு சாண் நீளம் வெட்டி, ஒரு முனையைக் கத்தியால சீவுங்க. நுனி சுண்டு விரலை விட ஒல்லியா இருக்கணும், போகப் போகக் கட்டை விரல் கனத்துக்கு வரணும். கூர் சட்டுனு முடியக் கூடாது, ரெண்டு மூணு இன்ச்சுக்கு மெதுவா ஏறணும். சைக்கிள் டியூப் இருந்தா அரை இன்ச் அகலத்துல ஒரு பட்டை வெட்டி அந்தச் சீவின இடத்துல ரெண்டு சுத்து சுத்துங்க. டியூப் இல்லைன்னா பழைய பருத்தி வேட்டித் துணி. பாலியஸ்டர் துணி வழுக்கும். உள்ள விட்டு, அழுத்திக்கிட்டே திருகுங்க. சுத்தியல் மட்டும் கூடாது. காஞ்ச மரம் தண்ணி குடிச்சா உப்பும், பத்து இருபது நிமிஷத்துல இன்னும் இறுகும்.

பீச்சறதைப் பார்த்து பயப்பட வேணாம், கணக்கு ரொம்பச் சின்னது. டேங்க்ல இருந்து அந்த ஓட்டை வரைக்கும் ஏறக்குறைய 7 மீட்டர் இறக்கம் இருக்கும். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ அழுத்தம். உடைஞ்ச மரையோட உள் ஓட்டை 12 மில்லி இருந்தா, அதோட பரப்பு 1 சதுர சென்டிமீட்டரை விடக் கொஞ்சம் அதிகம். ஆப்பைத் தள்ளுற விசை மொத்தமே முக்கால் கிலோதான். கையால திருகினதே தாங்கும். நம்பிக்கை வரலைன்னா எதிர்ச் சுவத்துக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைங்க. பிரஷர் பம்ப் போட்ட வீடா இருந்தா இந்தக் கணக்கு செல்லாது, அங்க பம்பை நிறுத்தினாத்தான் எதுவும் நிக்கும்.

---

கொருக்குப்பேட்டை_ஃபிட்டர் | இரவு 10:09

மணிக்கூண்டு அண்ணன் சொன்னது சரி. ஆனா ராத்திரி முழுக்க அந்த ஆப்பை மட்டும் நம்பிப் படுத்துக்கக் கூடாது. மேல டேங்க்லயே நிறுத்தணும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. பாத்ரூம்ல தலை உயரத்துக்கு மேல சுவத்துல வட்டமான குரோம் தட்டு, நடுவுல சின்னக் கைப்பிடி இருக்கா? அது கன்சீல்டு ஸ்டாப் காக், சுவத்துக்குள்ள பதிச்ச வால்வு. டைல்ஸ் போட்டப்போ வெச்சிருப்பாங்க, யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. இருந்தா வலப்பக்கமா மூடுங்க, வேலை முடிஞ்சுது.

அது இல்லைன்னா கேட் வால்வுக்கு வாங்க. வீல் இறுக்கமே இல்லாம சுத்துதுன்னா உள்ள இருக்கற ஸ்பிண்டில் (வீலோட சுத்தற தண்டு) தனி, கேட் (தண்ணியை மறிக்கற தட்டு) தனின்னு அர்த்தம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணியில பித்தளையில இருக்கற துத்தநாகம் கரைஞ்சு போயிடும். மிச்சம் நிக்கறது செவப்பா, சொரசொரன்னு, பிஸ்கட் மாதிரி உதிரும். ஆங்கிள் காக் கழுத்து முறிஞ்சதுக்கும் அதே காரணமா இருக்கலாம், உடைஞ்ச இடம் மஞ்சளா இல்லாம செவப்பா இருக்கான்னு பாருங்க. கேட் மேலயே மாட்டிக்கிட்டு நிக்குது, வீலை எவ்வளவு சுத்தினாலும் இறங்காது. வால்வு உடம்பை மரக் கட்டையால லேசா தட்டினா சில சமயம் கேட் தானா கீழ விழும். நாலு தட்டுக்கு மேல வேணாம். பழைய ஜிஐ மரை அந்த அதிர்ச்சியைத் தாங்காது, டேங்க் வாயிலேயே முறிஞ்சா அப்புறம் 1000 லிட்டரும் மாடியிலதான்.

(வேற யாராவது இதைப் படிச்சா: உங்க வால்வு சுத்தாம இறுகிக் கிடந்தா அது வேற கதை. பைப் ரெஞ்சு போட்டு முறுக்காதீங்க. ஸ்பிண்டில் வெளிய வர்ற இடத்துல இருக்கற சின்ன கிளாண்டு நட்டை அரைச் சுத்து தளர்த்தி, ரெண்டு சொட்டு மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விட்டு, கால் சுத்து அந்தப் பக்கம், கால் சுத்து இந்தப் பக்கம்னு ஆட்டிக்கிட்டே வாங்க. பாதி மூடினாலே பெரிய லாபம்.)

இப்ப டேங்குக்குள்ள இருந்து அடைக்கிற வழி. மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. அடியில இருந்து ரெண்டு மூணு இன்ச் உயரத்துல பக்கவாட்டுல ஒரு ஓட்டை தெரியும், அதுதான் இறங்குற லைன். இன்னும் கீழ ஒரு ஓட்டை இருந்தா அது கழுவி விடறதுக்கு. கேட் வால்வு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கத்து ஓட்டையைத் தேடுங்க.

ஒரு டென்னிஸ் பந்து, அல்லது கைக்கு அடங்கற ரப்பர் பந்து, சோப்பு போட்டுக் கழுவி எடுத்துக்கோங்க. அதைச் சுத்தமான பருத்தித் துணியில மூட்டையாக் கட்டி, ஒரு கயித்தோட நுனியை அந்த மூட்டையில முடிஞ்சு, மறு நுனியை வெளிய டேங்க் கழுத்துல கட்டிடுங்க. ஒரு நீளக் கட்டை அல்லது பிவிசி பைப் துண்டால மூட்டையை ஓட்டைக்கு நேரா தள்ளிப் பிடிச்சா, தண்ணி இழுப்பு அதைப் பிடிச்சுக்கும். பந்து மிதக்கப் பார்க்கும், அதனால முதல் ஒரு நிமிஷம் கட்டையை எடுக்காதீங்க.

வெறும் துணியை மட்டும் சுருட்டி வைக்கிறாங்க, அது தப்பு. 1 இன்ச் ஓட்டையோட பரப்பு 5 சதுர சென்டிமீட்டர். டேங்க்ல ஒரு மீட்டர் தண்ணி நின்னா அரை கிலோதான் தள்ளும். ஆனா கீழ லைன் முழுக்க நிக்கற தண்ணி இறங்கும்போது பின்னால இருந்து இழுக்கும், அந்த நேரத்துக்கு ரெண்டு மூணு கிலோ வரைக்கும் போகும். வெறும் துணி அப்படியே பைப்புக்குள்ள உறிஞ்சிக்கிட்டுப் போயிடும், நாளைக்கு ஜிஐ லைனை அறுத்துத்தான் எடுக்கணும். அதனாலதான் ஓட்டையை விடப் பெரிய கெட்டியான பொருள் வேணும்னு சொல்றேன். வால்வுக்கு அப்பறம் மேல ஏறி நிக்கற ஏர் பைப் இருந்தா இந்த இழுப்பு இருக்காது. இல்லைன்னா, அடைச்ச உடனே ரெண்டாவது மாடிக் குழாய்களைத் திறந்து விடுங்க, காத்து உள்ள போகும்.

டேங்குக்குள்ள இறங்காதீங்க. தலையை விட்டு எட்டாதீங்க. ராத்திரி ரெண்டு பேர் சேர்ந்தே மேல போங்க.

அடைக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் எல்லா வீட்டுலயும் குடம், டிரம், பக்கெட் நிரப்பிக்கச் சொல்லுங்க. முழுசாத் திறந்த அரை இன்ச் லைன் நிமிஷத்துக்கு 15, 20 லிட்டர் விடும். பாதி அடைச்சு வெச்சிருந்தாக் கூட நிமிஷத்துக்கு 5 லிட்டர் போனா, ரெண்டரை மணி நேரத்துல உங்க முக்கால் டேங்க் காலி. ஓட்டையில வர்ற தண்ணியையே பக்கெட் வெச்சுப் பிடிச்சா டாய்லெட்டுக்கு ஆகும்.

---

பழைய_வண்ணை_மாடிவீடு | இரவு 10:47

கீழ்வீட்டு மெயின், இன்வெர்ட்டர் ரெண்டும் ஆஃப். கன்சீல்டு காக் இல்லை. ஆப்பு ஏறிடுச்சு, பீச்சல் நின்னு இப்ப ஓரமா மெல்லிசாக் கசியுது. மேல பந்தும் வெச்சாச்சு. ரெண்டாவது மாடிக் குழாய்ல முதல்ல தண்ணி வந்துச்சு, அப்புறம் காத்து உறிஞ்சற சத்தம், இப்ப எதுவும் இல்லை. உடைஞ்ச இடம் நீங்க சொன்ன மாதிரி செவப்புதான்.

கசியற இடத்துல எம்-சீல் வெச்சுப் பூசிடலாமா? வீட்டுல ஒரு பாக்கெட் இருக்கு.

---

ராயபுரம்_மணிக்கூண்டு | இரவு 10:53

வேணாம் சார். ரெண்டு காரணம். எம்-சீல் ஈரத்துல ஒட்டாது. ரெண்டு களிம்பையும் சம அளவு எடுத்து ஒரே நிறம் ஆகற வரைக்கும் பிசைஞ்சு, காஞ்ச, சொரசொரப்பான இடத்துல வெச்சு, அசையாம இறுக விடணும். அடியில சொட்டுத் தண்ணி ஊறிக்கிட்டே இருந்தா மேல கல்லாகும், உள்ள வழி விட்டுக்கிட்டே இருக்கும்.

இன்னொண்ணு, காலைல வர்றவர் அந்த மரைத் துண்டைத்தான் எடுக்கணும். அது மேல கல்லு மாதிரி பூசி வெச்சா, அவர் முதல்ல அதைக் கொத்தி எடுக்கணும், கொத்தும்போது டைல்ஸ் போகும். பாதிப் பேர் வீட்டுல அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகறது இதனாலதான். தற்காலிகமா எதை வெச்சாலும் கையால இழுத்தா வெளிய வரணும்.

கசிவுக்கு ஒரு சணல் கயித்தை ஆப்புல ரெண்டு சுத்து கட்டி, மறு நுனியைக் கீழ பக்கெட்டுல விடுங்க. சொட்டு கயித்து வழியாவே இறங்கும், சுவரு நனையாது. லைன்ல மிச்சம் நிக்கற தண்ணி வடிஞ்சதும் தானா நின்னுடும்.

சும்மா ஒரு தகவல்: எம்-சீல் சின்டெக்ஸ் டேங்க் விரிசலுக்கும் உதவாது. அந்த பிளாஸ்டிக் பாலிஎத்திலீன், அது மேல எம்-சீல் மாதிரி எபாக்சி பசை பிடிக்காது, ரெண்டு நாள்ல ஓடு மாதிரி பெயர்ந்து வந்துடும். டேங்க் விரிஞ்சா தண்ணி மட்டத்தை விரிசலுக்குக் கீழ வெச்சுக்கறதுதான் ஒரே தற்காலிக வழி.

---

டோல்கேட்_வாசகி | இரவு 11:05

இதே இழையில கேட்டுக்கறேன். எங்க வீட்டுல இறங்குற ஜிஐ லைன்லயே ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்து தெறிக்குது. இதுக்கும் ஆப்பு அடிக்கலாமா?

---

கொருக்குப்பேட்டை_ஃபிட்டர் | இரவு 11:14

கூடாதுக்கா. ஜிஐயில ஊசி ஓட்டை வெளிய தெரியுதுன்னா, சுத்தி நாலு விரல் அகலத்துக்கு உள்ள துரு தின்னுட்டு காகிதமா நிக்குதுன்னு அர்த்தம். ஆப்போ ஆணியோ வெச்சா ஊசி ஓட்டை ரூபாய்க் காசு அளவுக்கு ஆகும். துருவைச் சுரண்டிப் பார்க்கவும் வேணாம், இப்ப அந்தத் துருதான் பைப்பைத் தாங்கிட்டு இருக்கு.

சைக்கிள் டியூப்பை நீளவாக்குல கிழிச்சு ஒன்றரை இன்ச் அகலம், மூணு அடி நீளத்துக்குப் பட்டை எடுங்க. வால்வை மூடி, இல்லைன்னா முடிஞ்ச வரைக்கும் குறைச்சு, ஓட்டைக்கு மூணு இன்ச் முன்னாடி ஆரம்பிச்சு நல்லா இழுத்து இழுத்துச் சுத்துங்க. ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதியை மூடணும். ஓட்டைக்கு மூணு இன்ச் தாண்டிப் போய்த் திரும்பி வாங்க. மேல கட்டுக் கம்பி, அல்லது ஓட்டைக்கு நேரா ஒண்ணும் ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுமா மூணு ஹோஸ் கிளாம்ப். கேஸ் டியூப் கிளாம்ப் சின்னதா இருக்கும், 1 இன்ச் ஜிஐயோட வெளி விட்டம் 33, 34 மில்லி, அந்த அளவைச் சொல்லி வாங்குங்க. இன்சுலேஷன் டேப் வேணாம், ஈரத்துல ஒட்டாது.

இது நேரான பைப்புக்குத்தான். எல்போ, டீ, சாக்கெட் பக்கத்துல மரையில கசிஞ்சா டியூப் சுத்தி பிரயோஜனமில்ல, தண்ணி மரை வழியா வேற பக்கம் வரும். ஜிஐ முதல்ல போறதே மரையிலதான். மரை வெட்டும்போதே பைப்போட கனம் குறையுது, மேல இருக்கற துத்தநாகப் பூச்சும் போயிடுது. அங்க கயிறு கட்டி பக்கெட்டுல விட்டுட்டு, வால்வை மூடிட்டுக் காத்திருக்கறதுதான்.

பைப் சுவத்துக்குள்ள போயி ஈரம் மட்டும் தெரிஞ்சா எதையும் சுத்த வேணாம், உடைக்கவும் வேணாம். எல்லாக் குழாயையும் மூடிட்டு ஈரத்தோட ஓரத்தைப் பென்சில்ல கோடு போட்டு நேரத்தை எழுதி வைங்க. ஒரு மணி நேரத்துல கோடு தாண்டினா தண்ணி லைன். யாராவது குளிச்சதுக்கு அப்புறம் மட்டும் தாண்டினா அது கழிவு லைன் அல்லது டைல்ஸ் இடுக்கு. பிளம்பர் எங்க உடைக்கணும்னு யோசிக்கற நேரம் பாதியாக் குறையும்.

---

கொடுங்கையூர்_கீழ்வீடு | இரவு 11:31

நல்ல தண்ணி உடைஞ்சா இவ்வளவு வழி இருக்கு. கழிவுத் தண்ணி திரும்பி வந்தா என்ன செய்யறது? மழை பெஞ்சா எங்க கக்கூஸ் கோப்பையில இருந்து மேல ஏறுது, குளிக்கற இடத்து நானி டிராப்லயும் (தரையில தண்ணி வடியற ஜாலி போட்ட ஓட்டை) வருது. ஆசிட் ஊத்திப் பார்த்தாச்சு, ஒண்ணும் ஆகல.

---

வியாசர்பாடி_அளவுகோல் | இரவு 11:44

ஆசிட் ஊற்றியிருந்தால் முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதன் மேல் பிளீச்சிங் பவுடரோ, பிளீச் கலந்த கிளீனரோ போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய கக்கூஸில் இரண்டு மூச்சு போதும் நெஞ்சைப் பிடிக்க. கடையில் பாக்கெட்டில் விற்கும் அடைப்பு நீக்கிப் பொடிகள் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. ஆசிட் நிற்கும் இடத்தில் அதைப் போட்டால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அடைப்பு எடுக்க வருபவரிடம் ஆசிட் ஊற்றியதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். அவர் கையை விடப் போகும் தண்ணீர் அது.

கீழ்வீட்டில் வரும் கழிவு பெரும்பாலும் மேல்வீட்டார் விட்ட தண்ணீர்தான். கட்டிடத்திலேயே தாழ்வான வாய் உங்கள் கோப்பை, அதனால் அங்கே வெளிவருகிறது. ஆகவே முதல் வேலை மேல்மாடிக் கதவுகளைத் தட்டுவது. குளிப்பது, துணி மெஷின், ஃப்ளஷ் எல்லாம் நிற்க வேண்டும். அது நிற்காமல் நீங்கள் எதை அடைத்தாலும் அடுத்த தாழ்வான ஓட்டையில் ஏறும்.

பிறகு அடைப்பு யாருடைய பக்கம் என்று பாருங்கள். வீட்டு வாசலில் இருக்கும் கடைசி சேம்பர் (கழிவுக் குழாய்கள் சேரும் சின்னத் தொட்டி) மூடியைக் கம்பியால் நெம்பி ஓரமாக நகர்த்துங்கள். குனிந்து முகர வேண்டாம், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். சேம்பர் காலியாக இருந்து கோப்பை மட்டும் நிறைந்திருந்தால் அடைப்பு வீட்டுக்குள். பிளம்பரின் ஸ்பிரிங்கோ மூங்கில் பத்தையோ போதும். சேம்பரும் நிறைந்து, தெரு மேன்ஹோலும் விளிம்பு வரை நின்றால் அது தெரு லைன். பிளம்பருக்குக் கொடுக்கும் காசு வீண், குடிநீர் வாரியத்துக்கு 1916இல் புகார் பதிய வேண்டும். சேம்பர் நிறைந்து, தெரு மேன்ஹோலில் தண்ணீர் இயல்பாக ஓடினால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இணைப்புக் குழாயில் அடைப்பு. புகார் சொல்லும்போது இந்த மூன்றில் எது என்று சொன்னால், வரும் ஆட்கள் எந்த வண்டியோடு வர வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். கொடுங்கையூர் பக்கம் வாரியத்தின் 4ஆம் பகுதி, தண்டையார்பேட்டை. பகுதி எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதுவரை: தடித்த பாலிதீன் கவர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, காற்றில்லாமல் முடிந்து நானி டிராப் ஜாலி மேல் வையுங்கள். தண்ணீர் மூட்டை தரையின் மேடுபள்ளத்துக்குத் தக்கபடி படிந்து கொள்ளும், மணல் மூட்டையை விட நன்றாக அடைக்கும். கோப்பைக்கு ஈரத் துணி அடைத்த கவரைக் கழுத்தில் இறுக்கி, மேலே தண்ணீர் நிறைந்த பக்கெட். கவரின் வாலை வெளியே விட்டு வையுங்கள், எடுக்க வேண்டும் அல்லவா.

சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) தரைமட்டத்தில் இருந்தால் அதன் மூடியைப் பாருங்கள். வடசென்னையில் பல வீடுகளில் சேம்பருக்கும் சம்ப்புக்கும் நாலடி இடைவெளிகூட இருப்பதில்லை. கழிவு சம்ப் விளிம்பைத் தொட்டிருந்தால் மோட்டாரைப் போடவே கூடாது. மேலே ஏற்றிவிட்டால் ஒரு தொட்டி அழுக்கு எல்லா வீட்டுக் குழாயின் அழுக்காகிவிடும். சம்ப்பை இறைத்துத் தேய்த்துக் கழுவுவது ஒரு நாள் வேலை. டேங்க், லைன் எல்லாவற்றையும் கழுவுவது அப்படியல்ல. மெட்ரோ லைனில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சும் பழக்கம் இருந்தால் இந்த நாட்களில் கட்டாயம் நிறுத்துங்கள். எப்போதுமே அது தடை செய்யப்பட்டதுதான். வெளியே கழிவு தேங்கி நிற்கும்போது உறிஞ்சினால், லைனில் உள்ள சின்ன விரிசல் வழியாக அந்தக் கழிவையே இழுக்கும்.

சேம்பர், மேன்ஹோல், செப்டிக் டேங்க் எதிலும் யாரையும் இறக்காதீர்கள். ஐந்நூறு ரூபாய்க்கு இறங்க ஆள் வருவார், வாயு தாக்கினால் ஏற மாட்டார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்கியவருக்கு முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு.

---

பழைய_வண்ணை_மாடிவீடு | இரவு 11:58

கசிவு முழுசா நின்னுருச்சு. கீழ்வீட்டுல சொட்டறதும் குறையுது. காலைல பிளம்பர் கிட்ட என்னென்ன சொல்லணும்? அவர் போன் எடுத்தார், கடை திறக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவேன்னு சொல்றார், வெறுங்கையோட வந்தா மறுபடி போகணும்.

---

கொருக்குப்பேட்டை_ஃபிட்டர் | நள்ளிரவு 12:10

இப்பவே வாட்ஸ்அப்ல மூணு போட்டோ அனுப்புங்க: உடைஞ்ச இடம், கையில இருக்கற உடைஞ்ச காக், டேங்க் வால்வு. பக்கத்துல ஒரு ரூபாய் காசு வெச்சு எடுங்க, அளவு புரியும். கூடவே இப்படி எழுதுங்க: “அரை இன்ச் ஆங்கிள் காக் மரை சிபிவிசி எல்போக்குள்ள முறிஞ்சிருக்கு, பித்தளை உப்பு தின்னு செவந்திருக்கு. டேங்க் அவுட்லெட் 1 இன்ச் ஜிஐ, கேட் வால்வு ஸ்பிண்டில் போயிருக்கு.” இதைப் படிச்சா அவர் எடுத்துட்டு வர வேண்டியது: உடைஞ்ச மரை எடுக்கற எக்ஸ்ட்ராக்டர், அரை இன்ச் ஆங்கிள் காக், எல்போ போயிருந்தா மாத்த அரை இன்ச் பித்தளை மரை வெச்ச சிபிவிசி எல்போ ஒண்ணு, சிபிவிசி பசை, 1 இன்ச் பால் வால்வு ஒண்ணு, 1 இன்ச் யூனியன் ஒண்ணு, நிப்பிள் ரெண்டு, டெஃப்லான் டேப் ரெண்டு மூணு சுருள். யுபிவிசி பசையை சிபிவிசிக்குப் போடறவங்க இருக்காங்க, டப்பாவைப் பார்த்துக்கோங்க.

மரையை எடுக்கும்போது எல்போவோட பித்தளை மரையும் சேர்ந்து சுத்த ஆரம்பிச்சா அங்கேயே நிறுத்தச் சொல்லுங்க. அதுக்கு மேல முறுக்கினா பிளாஸ்டிக்குக்குள்ள அது தளர்ந்துடும், வெளிய தெரியாம சுவத்துக்குள்ள கசியும். அப்ப ஒரு டைல்ஸை எடுத்து எல்போவை மாத்தறதுதான் நல்லது. ஒரு டைல்ஸுக்குக் கணக்குப் பார்த்தா கீழ்வீட்டு சீலிங் போகும்.

டேங்க் வால்வு மாத்தறது டேங்க் காலியா இருக்கும்போதுதான் செய்யணும். நாளைக்கு மெட்ரோ தண்ணி இல்லைன்னா, நாளைக்கு ஆங்கிள் காக் மட்டும் முடிச்சு, பந்தை எடுத்து லைனைத் திறந்துடுங்க. வால்வை, அடுத்து தண்ணி விடற நாள் விடிகாலையில, டேங்க் தானா அடிமட்டத்துக்கு வந்திருக்கும்போது மாத்துங்க. அப்பவே ஒவ்வொரு போர்ஷனுக்கும் இறங்குற இடத்துல தனித்தனியா ஒரு பால் வால்வு போட்டா, ஒரு வீட்டுக் குழாய்க்காக ஆறு வீடும் காயாது. கைப்பிடி பைப்புக்குக் குறுக்கே நின்னா மூடியிருக்கு, பைப்போட போக்குல நின்னா திறந்திருக்கு. இருட்டுலயும் தடவிப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம். மாசம் ஒரு தடவை மூடித் திறந்தா உப்பு பிடிக்காது.

பந்தை எடுக்கறப்போ கீழ குழாயெல்லாம் திறந்தபடியே இருக்கட்டும், கயித்தை மெதுவா இழுங்க. காத்தோட சேர்ந்து துரு வரும். முதல்ல பாத்ரூம் சாதாரணக் குழாய்ல செந்தண்ணி தெளியற வரைக்கும் விட்டுட்டு அப்புறம் ஷவர், கிச்சன் சிங்க் குழாயைத் திறங்க, இல்லைன்னா ஜாலி அடைச்சுக்கும். கீசரை, அதோட சுடுதண்ணிக் குழாய்ல தண்ணி நிக்காம வந்ததுக்கு அப்பறம்தான் போடணும்.

---

பழைய_வண்ணை_மாடிவீடு | நள்ளிரவு 12:16

அனுப்பிட்டேன், பார்த்துட்டார். கடைசியா ஒண்ணு. மறுபடி பித்தளை ஆங்கிள் காக்கே போடறதா, பிளாஸ்டிக் போடறதா?

---

ராயபுரம்_மணிக்கூண்டு | நள்ளிரவு 12:25

டேங்க்ல போர் தண்ணி ஏறுற வீடுன்னா பிடிஎம்டி (ஒரு வகை கெட்டியான பிளாஸ்டிக்) போடுங்க சார், உப்பு அதைத் தின்னாது. ஆனா மரை மென்மை. டேப்பை மரை நுனியைப் பார்த்தபடி வலப்பக்கமா 12, 15 சுத்து சுத்தி, கையால இறுக்கற வரைக்கும் இறுக்கி, அதுக்கு மேல ஸ்பேனர்ல கால் சுத்துதான். மெட்ரோ தண்ணி மட்டும் ஓடுற வீடுன்னா கனமான பித்தளை போதும். கையில தூக்கிப் பாருங்க. குரோம் பளபளன்னு இருந்து எடையே இல்லைன்னா அதை எடுக்காதீங்க. ரெண்டுல எதைப் போட்டாலும் ஃப்ளஷ் டேங்க் போற வளையற பைப்பையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க. பழைய பைப்போட நட்டு பித்தளையா இருந்தா அதுவும் செவந்து போயிருக்கும்.

---

பழைய_வண்ணை_மாடிவீடு | நள்ளிரவு 12:29

நட்டைச் சொரண்டிப் பார்த்தேன், அதுவும் செவப்புதான். 18 இன்ச் கனெக்‌ஷன் பைப் ஒண்ணும் லிஸ்ட்ல சேர்த்துட்டேன்.